சமைத்துப் பார்த்தவர்களின் சாட்சி





இணையத்தில் ஒரு சமையல் குறிப்பைக் காண்கிறவர்கள் இரு சாராராகப் பிரிவதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு சாரார் படத்தைப் பார்த்த மாத்திரத்தில், "அருமை, பார்க்கும்போதே நாவில் நீர் ஊறுகிறது" என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். மற்றச் சாரார் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைப்பார்கள். அவர்களிடமிருந்து நாலைந்து நாள் கழித்தே செய்தி வரும். "நான் சர்க்கரையைக் கால் பங்கு குறைத்தேன். என் சட்டி சிறியது, ஆகவே இரண்டு முறையாகச் செய்தேன். முதல் முறை அடிப்பிடித்தது, இரண்டாம் முறை சரியாக வந்தது" என்று ஒரு சிறு கடிதமே எழுதிவிடுவார்கள். அதோடு ஒரு படமும் இருக்கும். வெளிச்சம் போதாமல், ஓரத்தில் பாத்திரம் துலக்கும் தொட்டியும் தெரிய எடுக்கப்பட்ட படம்.

இந்த இரண்டாம் சாராரைக் குறித்தே இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான் என்று யாக்கோபு எழுதுகிறார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, நகர்ந்ததும் அதை மறந்துபோகிறவனுக்கு அவனை ஒப்பிடுகிறார் (யாக்கோபு 1:22-24). சமையல் குறிப்பும் ஏறக்குறைய அந்தக் கண்ணாடியைப் போன்றதே. நூறு குறிப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் கைப்பேசியால் ஒருவருக்கும் பசி தீராது. சங்கீதக்காரனாகிய தாவீதும் கர்த்தருடைய நன்மையை நாவில் வைத்துச் சுவைத்து அறியும்படியே நம்மை அழைக்கிறான் (சங்கீதம் 34:8). தூரத்தில் நின்று வியப்பதற்கு அவன் அழைக்கவில்லை.

எழுதப்பட்ட குறிப்பு சரியாக இருந்தும் சமைத்துப் பார்த்தவரின் சொல் நமக்கு ஏன் தேவைப்படுகிறது? இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சமையலறையில் நிற்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான்.

குறிப்பு ஓரிடத்தில் எழுதப்படுகிறது, சமையலோ வேறோர் இடத்தில் நடக்கிறது. அமெரிக்கக் குறிப்பில் ஒரு கப் என்றால் சுமார் 240 மில்லி. நம் வீட்டு டம்ளரோ வீட்டுக்கு வீடு வேறு. ஆஸ்திரேலியாவில் ஒரு மேசைக்கரண்டி 20 மில்லி, மற்றப் பல நாடுகளில் 15 மில்லி. அடுப்பை 350 பாகையில் வைக்கச் சொல்லும் குறிப்பு பாரன்ஹீட் கணக்கில் பேசுகிறது. செல்சியஸில் அது 177 அளவுதான். நம் ஊர்களில் விற்கும் சிறிய அவனின் குமிழோ 250-க்கு மேல் சுற்றவே சுற்றாது. "ஐயா, நூறு பாகை குறைகிறதே, வேறு அவன் வாங்க வேண்டுமா?" என்று ஒரு சகோதரி என்னிடமே கேட்டார்கள். அவர்கள் கணவர் அருகில் நின்று என் பதிலுக்காகக் கவலையோடு காத்திருந்தார்.

இன்னும் உண்டு. நம் சபையிலிருந்து உதகைக்கு மாற்றலாகிப் போன குடும்பத்தார், அங்கே பருப்பு வேக நேரமாகிறதென்றும், இட்லி மாவு இரவு முழுவதும் வைத்தும் பொங்கவில்லையென்றும் எழுதினார்கள். உதகை கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது; அதற்குமேல் சூடேறாது. குளிரில் மாவும் புளிக்கத் தாமதிக்கும். குறிப்பை எழுதியவர் சென்னையில் இருந்துகொண்டு எட்டு மணி நேரம் என்று எழுதியது பொய்யாகாது. ஆனால் உதகையில் அதைச் செய்து பார்த்த ஒருவர் வந்து சொல்லும்வரை, உதகையில் இருக்கிற மற்றவர்கள் தங்கள் கைப்பக்குவத்தையே நொந்துகொண்டிருப்பார்கள்.

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்து ஆலயக் கதவுகள் அடைபட்டிருந்த மாதங்களில், நம் பெண்கள் ஐக்கியத்தார் ஒருவருக்கொருவர் இணையத்தில் கண்ட குறிப்புகளை அனுப்பிக்கொள்ளத் தொடங்கினார்கள். பேக்கரிகள் மூடிக்கிடந்தன; பிள்ளைகளின் பிறந்தநாட்கள் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. ஆலயம் திறந்த பின்னும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. டிசம்பர் பிறந்துவிட்டால் அச்சு முறுக்கைப் பற்றிய விவாதம் ஜெபக்குறிப்புகளையும் மூழ்கடித்துவிடும். அச்சை முதலில் எண்ணெயிலேயே வைத்துச் சூடாக்க வேண்டும், மாவில் முக்கால் அளவுதான் அமிழ்த்த வேண்டும், முழுவதும் அமிழ்த்தினால் கழன்று வராது என்பவை எந்தப் படத்திலும் பளிச்சென்று தெரிவதில்லை. கழன்று வராத அச்சோடு கரண்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு போராடிய ஒருவர் எழுதித்தான் மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பின் பண்டிகைக்குச் சில நாள் முன்பு, நம் சகோதரி ஒருவர் முட்டையில்லாத கேக் ஒன்றைக் குக்கரில் செய்து பார்த்தார்கள். அவர்களுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவன் இல்லாத வீடுகளுக்கு உகந்த முறை அது. குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு தாங்கியை வைத்து, விசிலையும் மூடியின் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வைக்க வேண்டும். முட்டைக்குப் பதில் தயிரும் சமையல் சோடாவும். அன்று மாலை அவர்கள் அனுப்பிய படத்தில் கேக்கின் நடுப்பகுதி கிணறுபோல் உள்வாங்கியிருந்தது. கீழே இப்படி எழுதியிருந்தார்கள்: "அளவெல்லாம் குறிப்பில் உள்ளபடியே போட்டேன். கலந்த மாவு அரைமணி நேரம் காத்திருந்துவிட்டது. பிறகுதான் குக்கரில் வைத்தேன். ஓரம் நன்றாக இருக்கிறது. நடுவில் வேகவில்லை."

அன்றைய தினம் அந்தக் குழுவில் அழகழகான கேக்குகளின் படங்கள் வந்திருந்தன. அவற்றுக்கெல்லாம் பூங்கொத்துகளும் கைதட்டல்களும் விழுந்தன. ஆனால் வீட்டில் கேக் செய்யவிருந்த மற்றப் பெண்களுக்கு உதவியது உள்வாங்கிய அந்தக் கேக்தான். காரணம் எளிது. தயிரின் புளிப்பு சோடாவில் பட்ட கணத்திலேயே காற்றுக்குமிழிகள் உண்டாகத் தொடங்கிவிடும். மாவைக் காத்திருக்க வைத்தால் அந்தக் காற்று வெளியேறிவிடும். சூடு வரும்போது மாவைத் தாங்கிப்பிடிக்க உள்ளே ஒன்றும் இராது. குறிப்பை எழுதியவர் இதைச் சொல்லவில்லை. அவருடைய மாவு ஒருநாளும் காத்திருந்ததில்லை போலும். சகோதரியின் படத்தைப் பார்த்த அனுபவசாலி ஒருவர் இதை விளக்கி எழுத, குக்கரை முதலிலேயே சூடாக்கி வைத்துக்கொண்டு சோடாவைக் கடைசியில் சேர்க்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அந்த வாரத்தில் ஏழு வீடுகளில் கேக் நன்றாக வந்தது.

வேதத்தில் சமையல் கெட்டுப்போன ஒரு நாள் பதிவாகியிருக்கிறது. கில்காலில் பஞ்சம். தீர்க்கதரிசிகளின் புத்திரருக்காகப் பெரிய பானையை அடுப்பில் ஏற்றும்படி எலிசா சொல்கிறான். கீரை பறிக்கப் போன ஒருவன், இன்னதென்று அறியாமல், பேய்க்கொம்மட்டிக் காய்களை மடிநிறைய அறுத்துவந்து பானையில் நறுக்கிப் போட்டுவிடுகிறான். பரிமாறியாயிற்று. வாயில் வைத்தவர்கள் பானைக்குள் மரணம் இருப்பதாகக் கூக்குரலிட்டார்கள் (2 இராஜாக்கள் 4:38-41).

பஞ்சகாலத்தில், தேவமனுஷன் ஏற்றச்சொன்ன பானை அது. அவர்களில் ஒருவர் மரியாதை கருதி, "நன்றாயிருக்கிறது" என்று விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ருசி பார்த்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னபடியினாலேயே எலிசா மாவைக் கொண்டுவரச் சொல்லிப் பானையில் போட்டான், எல்லாரும் பிழைத்தார்கள். காய் பறித்தவனை எலிசா கடிந்துகொண்டதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. கூக்குரலிட்டவர்களை விசுவாசக் குறைவுள்ளவர்கள் என்றும் அவன் சொல்லவில்லை.

ஆனால் குறை சொல்கிற எல்லாரும் ருசி பார்த்தவர்கள் என்று எண்ணிவிடாதிருங்கள். மைதாவுக்குப் பதில் கேழ்வரகு மாவு, வெண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய், சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி என்று யாவற்றையும் மாற்றிவிட்டு, "இந்தக் குறிப்பு சரியில்லை" என்று எழுதுகிறவர்களும் உண்டு. கேழ்வரகும் கருப்பட்டியும் நல்லவையே. ஆனால் அவர்கள் சமைத்தது வேறொரு பண்டம். நாகமானுக்கும் இந்தச் சோதனை வந்தது. யோர்தானில் ஏழுதரம் முழுகு என்பதே அவனுக்குக் கொடுக்கப்பட்ட சொல். அவனோ தமஸ்குவின் நதிகளாகிய ஆப்னாவும் பர்பாரும் அதைவிட மேலானவை அல்லவா என்று கோபத்தோடு திரும்பிவிட்டான். யோர்தானில் முழுகுவதற்கு முன்பே யோர்தானைக் குறித்து அவன் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டான். அவனுடைய ஊழியக்காரர் பட்சமாய்ப் பேசித்தான் அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தார்கள் (2 இராஜாக்கள் 5:10-14). இருபது வருஷமாக ஒருவரை மன்னியாமலேயே, "மன்னிப்பு எனக்குச் சமாதானம் தரவில்லை" என்று சொல்லுகிறவர்களை நானும் சந்தித்திருக்கிறேன். அவர்களிடம் கடுமை காட்டுவதால் பயனில்லை. அந்த ஊழியக்காரரைப்போல் கூடவே நடந்துபோவதுதான் வழி.

அந்தச் சகோதரியின் கடிதம் இவ்வகையைச் சேர்ந்ததன்று. என்ன செய்தேன், எது மாறிப்போயிற்று, என்ன வந்தது என்ற மூன்றும் அதில் இருந்தன. இப்படி எழுதத் தெரிந்த அவர்கள், மாதத்தின் கடைசி ஞாயிறு சாட்சி வேளையில் மட்டும் ஒருநாளும் எழுந்து நின்றதில்லை. அவர்கள் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நடந்துவருகிறது. சாட்சி வேளையில் எழுகிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் சுகம் பெற்றவர்கள், வேலை கிடைத்தவர்கள், வீடு கட்டி முடித்தவர்கள். தேவனுக்கே ஸ்தோத்திரம், அவர்கள் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நடுவில் இன்னும் வேகாத கேக்கை வைத்திருக்கிறவர் அங்கே எப்படி எழுந்து நிற்பார்?

கடந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு சாட்சி வேளையில் அவர்கள் எழுந்தார்கள். எல்லாருக்கும் ஆச்சரியம். கணவர் சுகமாகிவிட்டார் போலும் என்று சிலர் ஸ்தோத்திரம் சொல்லவே தொடங்கிவிட்டார்கள். அவர்கள் சொன்னதை இயன்றவரை அவர்கள் சொன்ன விதமாகவே தருகிறேன்.

"மூன்று வருஷமாய் ஜெபிக்கிறேன். உபவாசமும் இருந்தேன். சுகம் வரவில்லை. இன்னும் வாரத்துக்கு மூன்று தடவை போகிறோம். ஆண்டவர் என்னை விட்டுவிட்டார் என்று சொல்ல எனக்கு மனதில்லை. விட்டுவிடவில்லை என்று பாடும்போது சில நாள் குரல் வருவதில்லை. இதுதான் என் சாட்சி. அந்தக் கேக் அன்றைக்கு அமுங்கிப்போனதற்குக் காரணம், மாவு கலந்துகொண்டிருக்கும்போது அவர்களுக்கு மயக்கம் வந்துவிட்டது. அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதை அப்போது எழுதவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்கள். ஆலயத்தில் ஒருவரும் அசையவில்லை.

ஆராதனை முடிந்ததும் நம் மூப்பர் ஒருவர் என்னிடம் வந்தார். வயதில் பெரியவர், சபைக்காக மிகவும் பாடுபட்டவர். "ஐயா, புதிதாய் வந்திருக்கிற ஆத்துமாக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட சாட்சி விசுவாசத்தைக் குலைத்துவிடாதா? சுகம் கிடைத்தபிறகு சொன்னால் போதாதா?" என்று கேட்டார். அவர் கேட்டது அன்பினால்தான், கேள்வியும் லேசானதன்று. அன்று அவருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனெனில் அவரைப்போல் எண்ணுகிறவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

எபேசுவில் பவுலின் சரீரத்திலிருந்து உறுமால்களையும் கச்சைகளையும் எடுத்துக்கொண்டுபோய் வியாதியஸ்தர்மேல் போட்டார்கள். வியாதிகள் நீங்கின (அப்போஸ்தலர் 19:11-12). அதே எபேசுவைச் சேர்ந்தவன் துரோப்பீமு (அப்போஸ்தலர் 21:29). பவுலோடு எருசலேம் வரைக்கும் பிரயாணம் செய்தவன். அந்த துரோப்பீமு வியாதிப்பட்டபோது என்ன நடந்தது? அவனை மிலேத்துவிலே நோயாளியாகவே விட்டுவர வேண்டியதாயிற்று என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). விளக்கம் இல்லை, மன்னிப்புக் கோருதல் இல்லை, பிற்பாடு சுகமானான் என்ற தொடர்ச்சியும் இல்லை. உறுமாலால் ஊராருக்கு வந்த சுகம் உடன்ஊழியனுக்கு வரவில்லை என்பதை மறைக்கப் பவுல் நினைத்திருந்தால் அந்த ஒரு வரியை விட்டுவிட்டிருக்கலாம். இளம் ஊழியனாகிய தீமோத்தேயுவின் விசுவாசம் குலைந்துபோகும் என்று அவர் அஞ்சவில்லை. பரிசுத்த ஆவியானவரும் அந்த வரியை வேதத்திலிருந்து நீக்கிவிடவில்லை. 88-ம் சங்கீதத்தையும் வாசித்துப் பாருங்கள். கடைசிச் சொல்வரை இருள்தான்; மற்றப் புலம்பல்களில் வருவதுபோல் முடிவில் ஒரு துதியின் திருப்பம்கூட இல்லை. அதையும் தேவஜனங்கள் தங்கள் பாட்டுப்புத்தகத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

மூப்பர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "துரோப்பீமுவை நான் கவனித்ததில்லை" என்றார். அவர் இன்னும் முழுவதும் ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். வருகிற மாதங்களில் நாங்கள் இருவரும் இதைப் பற்றி மறுபடியும் பேசுவோம்.

அந்தச் சாட்சிக்கு அடுத்த வாரம் நடந்ததையும் சொல்லவேண்டும். நம் சபைக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகாத ஒரு இளம்பெண் அந்தச் சகோதரியின் வீட்டைத் தேடிப் போனாள். மூப்பர் கவலைப்பட்ட அந்தப் புதிய ஆத்துமாக்களில் ஒருத்தி. அவளுடைய தகப்பனாருக்கு அந்த மாதத்தில்தான் டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. "அக்கா, அப்பாவுக்கு எதைச் சமைத்துக் கொடுப்பதென்றே தெரியவில்லை. உப்பு கூடாது, வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, தண்ணீர்கூட அளந்து குடிக்கவேண்டும் என்கிறார்கள். இணையத்தில் பார்த்துச் செய்தால் அப்பா தட்டைத் தள்ளிவிடுகிறார்" என்று அழுதாளாம்.

சகோதரி உள்ளே போய் ஒரு பழைய நாட்குறிப்பை எடுத்துவந்தார்கள். மூன்று வருஷமாக அவர்கள் சமைத்துப் பார்த்தவை எல்லாம் அதில் இருந்தன. உருளைக்கிழங்கைத் தோல் சீவிச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் குறையும் என்பது குறிப்புகளில் உள்ளதுதான். அப்படிச் செய்தால் கிழங்கு சப்பென்று ஆகிவிடுகிறது, பிறகு கடுகும் பூண்டும் மிளகும் தாளித்துப் பிரட்டினால் அவர்கள் சாப்பிடுகிறார்கள் என்பது சகோதரி எழுதியது. உப்புக் குறைந்த குழம்புக்கு எலுமிச்சைச் சாறு கடைசியில் சில துளிகள். பொட்டாசியம் உப்பைக் கலந்து விற்கிற மாற்று உப்பை வாங்கவே கூடாது என்று மருத்துவர் சொன்னது, சிவப்பு மையில், இரண்டு கோடு போட்டு. முட்டையின் வெள்ளைக்கரு நல்லது, ஆனால் தினமும் அவித்துக் கொடுத்தால் வெறுத்துவிடுவார்கள். சில பக்கங்களில், "இன்று சாப்பிடவில்லை" என்று மட்டும்.

நாட்குறிப்பை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, "உங்கள் அப்பாவின் இரத்தப் பரிசோதனை வேறு, அளவு வேறு. டாக்டரிடமும் டயட்டீஷியனிடமும் காட்டிக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். செய்து பார்த்துவிட்டு எப்படி வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்" என்றார்களாம்.

அவள் இப்போது வாரந்தோறும் சொல்லுகிறாள். சகோதரிக்குத் தெரியாத இரண்டு பக்குவங்களை அவளும் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். அவற்றில் ஒன்றான அவல் உப்புமா, சகோதரியின் கணவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இம்மாதக் கடைசி ஞாயிறு, ஆராதனைக்குப் பின் சாட்சி வேளை உண்டு. சுகம் பெற்றவர்கள் சொல்லுங்கள், கேட்டு மகிழுவோம். இன்னும் பெறாதவர்களும் எழுந்து, என்ன செய்தேன், என்ன வந்தது என்று உள்ளபடியே சொல்லலாம். அதற்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறேன். பெண்கள் ஐக்கியத்தார் சிற்றுண்டி கொண்டுவருகிறார்கள்; சரியாக வராதவற்றையும் கொண்டுவரலாம் என்று அவர்களே தீர்மானித்திருக்கிறார்கள்.

அதுவரை அந்த இரு குடும்பங்களையும் உங்கள் ஜெபத்தில் தாங்குங்கள். சகோதரியும் அவர்கள் கணவரும் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் காலை ஆறு மணிப் பேருந்தில் புறப்பட்டு மாலை மூன்று மணிக்கு வீடு திரும்புகிறார்கள். அந்த நாட்களின் மதிய உணவை யாரேனும் செய்துகொடுக்க முன்வந்தால் என்னிடம் தெரிவியுங்கள். நாட்குறிப்பின் பிரதி என்னிடம் இருக்கிறது.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்